மாதா முன்னால் நின்ற எக்ஸ்ரே வண்டி

போன மாதம் முட்டி வலி தாங்காமல், முப்பது வருடத்துக்கு மேல் நான் படம் எடுத்த ஆஸ்பத்திரிக்கே எனக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போனேன். எக்ஸ்ரே அறையில் இருந்த பெண் புதியவள். காலை நேராக நீட்டச் சொன்னாள், நீட்டினேன். "மூச்சைப் பிடிச்சுக்கங்க" என்றாள். முட்டியைப் படம் எடுக்க மூச்சை எதற்கடி பிடிக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. நோயாளியாக வந்த இடத்தில் அடங்கி இருப்போம் என்று பிடித்துக்கொண்டேன்.

வெளியே வரும்போது இன்னொரு பெண் வார்டு எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. வலது கையின் இரண்டு விரல் கம்பியில், இடது கையில் போன், போனில் யாரோடோ சண்டை. அத்தனை எடையும் அவளுக்கு முன்னால் சத்தமில்லாமல் உருண்டு போனது. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "உள்ள மோட்டார் இருக்கு ஆன்ட்டி, லேசாத் தொட்டாப் போதும்" என்று விளக்கினாள். எனக்கு விளக்கினாள்!

என் பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி விழா மலருக்குப் பழைய ஊழியர்களிடம் கட்டுரை கேட்கிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம். சேவை, தியாகம் என்றெல்லாம் எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பெண் தள்ளிய வண்டிக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அது என்னை நெய்க்காரப்பட்டிக்கு அனுப்பப் பார்த்தது.

நான் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பெண் படித்தால் டீச்சர், டீச்சர் ஆனால் கல்யாணம். எனக்குச் சாக்பீஸ் தூசி ஆகாது, தும்மல் வரும். அதனால் மதுரையில் இரண்டு வருடம் எக்ஸ்ரே படித்துவிட்டு, திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்திய இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். உயரம் நாலடி பத்து அங்குலம். வேலைக்கு எடுக்கும்போதே, "மேல் ரேக் எட்டுமா?" என்றுதான் கேட்டார்கள். ஸ்டூல் இருந்தால் எட்டும் என்றேன். அந்த ஸ்டூல் கடைசிவரை என்னோடு இருந்தது.

எக்ஸ்ரே அறையில் எடுக்கும் படத்தைவிட வார்டில் போய் எடுக்கும் படம்தான் எனக்குப் பிடிக்கும். அறைக்கு வருகிறவர் நடந்து வருகிறார், அல்லது தூக்கி வருகிறார்கள். வார்டில் அசைக்கவே முடியாதவரிடம் நாம் போகிறோம். கேசட் என்று சொல்லும் படத் தட்டுக்குத் தலையணை உறை மாட்டி, சூடு பார்த்து, முதுகுக்கு அடியில் தள்ள வேண்டும். அந்தத் தகரம் குளிரில் ஐஸ் போல இருக்கும். உறை இல்லாமல் வைத்தால் நோயாளி துள்ளுவார், படம் போய்விடும். வலது இடது தெரிய ஈய எழுத்தை ஓரத்தில் ஒட்ட வேண்டும். நெஞ்சின் மேல் கிடக்கும் ஒயர், சங்கிலி, தாயத்து எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். டேப் பிடித்துத் தூரம் அளந்து, ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, "எல்லாரும் தள்ளிப் போங்க" என்று ஒரு சத்தம். பிறகு நோயாளியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்று, மூச்சு மேலே ஏறி நிற்கிற அந்த ஒரு கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல வேறு ஆள் பார்க்கவும்.

சிக்கல் வண்டியில்தான். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று தானமாக அனுப்பிய பழைய வண்டி அது. நானூறு கிலோ இருக்கும். அதற்குள்ளும் மோட்டார் இருந்தது. ஆனால் மோட்டாரை ஆட்டுவிக்கும் போர்டு கப்பலிலேயே உப்புக் காற்று குடித்து வீணாகியிருந்தது. அந்த மாடல் போர்டு இப்போது செய்வதில்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. ஆகவே வண்டியைக் கைப்பலத்தில் தள்ளினோம். நாங்கள் என்றால் வார்டு அட்டெண்டர் சூசையண்ணனும் அவரோடு அகப்படுகிற இன்னொருவரும். நான் பின்னால் கேசட்டோடு நடப்பேன். பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்தின் ஐ.சி.யூ.வுக்கு ஒரு நீளமான சாய்தளம் ஏற வேண்டும். அதன் உச்சியில் சுவரில் மாடம், மாடத்தில் மாதா சுரூபம். அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் ஐ.சி.யூ.

அப்போது எங்கள் நிர்வாகி மதர் கிளாரா. அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. கூப்பிட்டு அனுப்புவார். "உக்காரும்மா" என்பார். தன் கையாலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நாம் குடித்து முடிக்கும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். அதற்குள் நாமே செய்யாத குற்றங்களைக்கூட ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்திருப்போம். ஆஸ்பத்திரியில் ஒருவன், "நேத்து தண்ணி குடிச்சிட்டு வந்தேன்" என்றால் மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் எனக்கும் தண்ணீர் வந்தது. குடித்தேன்.

"ரெஜினா, ஒரு படம் எடுக்க மூணு பேர் போறீங்க. வார்டு வேலைக்கு வண்டியைத் தானே தள்ளிக்கிற மாதிரி ஒரு பையனைப் போட்டுடலாம்னு இருக்கேன். நெய்க்காரப்பட்டி டிஸ்பென்சரியில சின்ன மிஷின் இருக்கு. சுவத்துல மாட்டினது. தள்ள வேண்டாம். நீ அங்க போயிடேன்."

நெய்க்காரப்பட்டி பழனிக்கும் அந்தப் பக்கம். என் வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் வாத்தியார், மகள் பத்தாம் வகுப்பு. அதைவிட, உண்மையைச் சொன்னால், வார்டை விட்டுவிட்டு மாடு மிதித்த கால்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. அழுகை வந்தது. அழுதால் இன்னொரு டம்ளர் வரும் என்று அடக்கிக்கொண்டு, "வண்டியை நானே ஓட்டுற மாதிரி ஆக்கிட்டா, மதர்?" என்றேன். எப்படி ஆக்குவேன் என்று எனக்கே தெரியாது.

தெரிந்தவர் ஜாகிர் சார். பக்கத்து எஞ்சினியரிங் காலேஜில் விரிவுரையாளர். அவர் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நான் மாதம் ஒருமுறை நெஞ்சுப் படம் எடுப்பேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கு இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நியூரல் நெட்வொர்க் என்ற சொல்லை நான் முதல்முறை கேட்டது அன்றுதான்.

"இத்தனை அமுக்கினா இத்தனை வேகம்னு நான் சட்டம் எழுதி வைக்கப் போறதில்லக்கா. நல்லாத் தள்ளத் தெரிஞ்சவங்க நூறு தடவை தள்ளிக் காட்டணும். கை எங்க எவ்வளவு அழுத்துது, ஏத்தத்துல என்ன செய்யுது, வண்டி எப்படிப் போகுதுன்னு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் குறிச்சுக்கும். அந்தக் குறிப்பை வச்சு அதுவாப் பழகிக்கும். அப்புறம் நீங்க தொட்டாலே, அவங்க பலத்தை மோட்டார் குடுக்கும்."

"அதுவாப் பழகுமா?" என்றார் சூசையண்ணன். "எம் மகனுக்கு இருபது வருசமாச் செஞ்சு காட்டுறேன் சார். ஒண்ணும் பழகக் காணோம்."

கைப்பிடிக் கம்பியின் இரண்டு முனையிலும் அழுத்தத்தை அளக்கும் சின்னப் பட்டைகளை ஒட்டினார்கள். சக்கரத்தில் சுற்று எண்ணும் தட்டு, அடியில் ஏற்ற இறக்கம் அறியும் ஒரு பெட்டி. ஒரே ஒரு விதி: எப்போதும் ஒரு கையாவது கம்பியில் இருக்க வேண்டும், இரண்டையும் விட்டால் பிரேக் விழுந்துவிடும். பாடம் ஆரம்பித்தது. முன்னால் சூசையண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். பின்னால் மருந்து டிராலியில் கம்ப்யூட்டரை ஏற்றி ஜாகிர் சார். நடுவில் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி நான். பழைய கட்டடத்திலிருந்து ஐ.சி.யூ. வரை, திரும்ப, மறுபடி. தேர்ப் பவனி வருகிறது என்று நினைத்து வராந்தாவில் சில நோயாளிகள் எழுந்து நின்றார்கள். சூசையண்ணன் களைத்தால் இன்னொரு அட்டெண்டர், அவரும் களைத்தால் கூட ஒருவர் கை கொடுக்க நான். நாலு மாதம் விட்டு விட்டு நடந்தது.

ஒரு நாள் ஜாகிர் சார் திரையில் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏத்தம் முடிஞ்ச உடனே எல்லாத் தடவையும் ஒரு அஞ்சு செகண்டு வேகம் இல்லாமப் போகுதே. என்னது அது?"

"ஏறி வந்தா செத்த நேரம் மூச்சு வாங்கத்தான செய்யும் சார்" என்றார் சூசையண்ணன். நானும் தலையாட்டினேன். ஜாகிர் சார் நோட்டில், 'ஓய்வு' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு வண்டிக்கு உயிர் வந்தது. எல்லாவற்றையும் பழகிய ஒரு சின்ன போர்டை உள்ளே வைத்து மூடி, "தொடுங்கக்கா" என்றார். தொட்டேன். நானூறு கிலோவும் எனக்கு முன்னால் நகர்ந்தது. ஏற்றத்தில் நான் தள்ளியதாகவே தெரியவில்லை. சாய்தளத்தின் உச்சியில் மாதா முன்னால் மெதுவாக நின்றது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கிளம்பியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சிரித்ததில்லை என்று வீட்டுக்காரர் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

மதர் வந்து பார்த்தார். "ஒரு மாசம் ஓட்டு. அப்புறம் சொல்றேன்" என்றார்.

மூன்று வாரம் தனியாக ஓட்டினேன். தலைமை டாக்டருடைய அறை வாசலிலும் ஒரு சின்ன மேடு உண்டு. அங்கேயும் வண்டி ஏறியதும் ஐந்து நொடி நின்றது. நான் வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "குட் மார்னிங் டாக்டர்" சொல்வேன். கை இறங்கியதும் வண்டி கிளம்பும். தலைமை டாக்டர் பூரித்துப் போனார். "மனுசங்களே மதிக்காமப் போறாங்க, இந்த மிசினுக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்க" என்று நர்சுகளிடம் சொல்லிக் காட்டினார். இதில் ஏதோ இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நான்காவது வாரம், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், தென்னையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்து இரண்டு நாளாக ஐ.சி.யூ.வில் இருந்தார். அவருக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். எலும்பு நுரையீரலைக் குத்தியிருக்கலாம், எந்தப் பக்கம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்துக் குழாய் போட வேண்டும், உடனே படம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். சொல்ல ஓடி வந்தது அவர் மனைவி பேச்சியம்மாள். சூசையண்ணன் அன்று லீவு. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினேன். பேச்சியம்மாள் பக்கத்திலேயே, "வெரசா வா தாயி, வெரசா வா" என்று கூட ஓடி வந்தார்.

சாய்தளத்தில் சொன்னபடி ஏறியது. உச்சியில் நின்றது. எப்போதும் போல ஐந்து நொடி என்று காத்தேன். கிளம்பவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. முன்பு மோட்டாரைக் கழற்றிவிட்டுத் தள்ளினோம், இப்போது அது சக்கரத்தோடு பூட்டியிருந்தது; அது சுற்றாவிட்டால் சக்கரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், பத்துப் பேர் வந்தாலும் நகர்த்த முடியாது. பேச்சியம்மாளும் சேர்ந்து தள்ளினார். இன்னும் முப்பதடி தூரத்தில் ஒரு மனிதன் மூச்சுக்குத் தவிக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியை நான் திட்டிய வார்த்தைகளை விழா மலரில் போட மாட்டார்கள்.

கடைசியில் வேறு வழி தெரியாமல் நிமிர்ந்து மாதாவைப் பார்த்தேன். "தாயே, நீதான்" என்று வலது கையை எடுத்து நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று சிலுவை போட்டு, விரலை முத்தமிட்டுக் கம்பியில் கையை வைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

பேச்சியம்மாள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். "அடிப்பாவி! அங்க எம் புருசன் சாகக் கெடக்காரு, நீ வண்டிய நிப்பாட்டிட்டுச் சாமி கும்புடுறியா?" என்றார்.

பதில் சொல்ல நேரமில்லை. ஐ.சி.யூ.வில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கேசட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளி, தூரம் அளந்து, எல்லாரையும் விரட்டிவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தேன். மூச்சு மேலே ஏறி நிற்கவே இல்லை; சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டிருந்தது. அடிப்புகளுக்கு நடுவில் கிடைத்த ஒரு இடைவெளியில் அமுக்கினேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்கி ஓடி, டார்க் ரூமில் கழுவி, சொட்டச் சொட்ட ஈரப்படத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். வலது நுரையீரல் மூடிய குடையாகச் சுருங்கிக் கிடந்தது. டாக்டர் குழாய் போட்டார். புஸ்ஸென்று காற்று வந்தது. அந்த மனிதர் கண்ணைத் திறந்து முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை எனக்குத் தண்ணீர். பேச்சியம்மாள் மதரிடம் சொல்லியிருந்தார், நோயாளி தவிக்கும்போது இந்தக் குள்ளம்மா வழியில் நின்று ஜெபம் பண்ணினாள் என்று. நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே நம்பும்படி இல்லை. மதர் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கும்பிட்டதாலதான் கிளம்பிச்சுங்கறியா?"

"ஆமா மதர்."

"நானே அப்படிச் சொன்னா பிஷப் நம்ப மாட்டார் ரெஜினா. மாசம் முடிய ஒரு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா நெய்க்காரப்பட்டிக்கு எழுதிடுறேன்."

ஜாகிர் சாரை வரவழைத்தோம். இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார், உச்சியில் நின்றது. என்னை ஓட்டச் சொன்னார், கும்பிட்டேன், கிளம்பியது. சூசையண்ணனை ஓட்டச் சொன்னார். அவரும் கும்பிட்டார், கிளம்பியது. மற்ற அட்டெண்டரைச் சொன்னார். அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கையை வைத்தார், கிளம்பியது. ஜாகிர் சார் சாய்தளத்திலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாலு மாசமா எல்லாரும் இங்க நின்னீங்களா?"

"நிக்கலையே சார்" என்றார் சூசையண்ணன், உண்மையான ஆச்சரியத்தோடு. "கும்பிட்டோம்ல."

இதுதான் விஷயம். அந்த இடத்தில் நிற்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பத்து இருபது வருடமாகச் செய்வது எங்கள் கணக்கில் நிற்பதாகவே இல்லை. ஆனால் வண்டி கண்ணும் கருத்துமாகப் பழகிக்கொண்டது: ஏற்றம் முடிந்தால் நிற்க வேண்டும், வலது கை கம்பியை விட்டுப் போய் மறுபடி வந்து தட்டென்று விழுந்தால்தான் கிளம்ப வேண்டும். தலைமை டாக்டருக்குப் போட்ட சலாமும் அதே கணக்கில் செல்லுபடியானது. அவசரத்தில் நான் கும்பிட மறந்த முதல் நாளும் வண்டி மறக்காத நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

சரி செய்வது லேசு என்றுதான் ஜாகிர் சார் நினைத்தார். குறிப்பிலிருந்து அந்த ஐந்து நொடியை மட்டும் வெட்டி எறிந்து பார்த்தார். வண்டி உச்சிக்கு வந்ததும் கன்றுக்குட்டியாகத் தாவியது. அதனால் நிற்காமல் தள்ளிக் காட்டி, மறுபடி பாடம் நடத்த வேண்டும் என்றார். அங்கேதான் எங்கள் சாயம் வெளுத்தது. சூசையண்ணன் கையை எடுக்கவில்லை, ஆனால் கால் நின்றது. "கைய எடுக்கலையே சார்!" "கால் நிக்குதேண்ணே!" கையைக் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டினார்கள். மாதா முன்னால் வந்ததும் குனிந்து கம்பியில் நெற்றியை முட்டிக் கும்பிட்டார். கோடு எகிறியது. சுரூபத்துக்கு ஒரு நாள் மட்டும் திரை போடலாமா என்று ஜாகிர் சார் மதரிடம் கேட்கப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கடைசியில், பழக்கமில்லாத ஆள் நான்தானே என்று அவரே தள்ளினார். உச்சியில் வண்டி மெல்லத் தயங்கியது.

"நீங்களுமா சார்?" என்றேன்.

"உங்க பின்னாடியே டிராலியைத் தள்ளித் தள்ளி எனக்கும் அந்த இடத்துல கால் நின்னு போச்சுக்கா" என்றார் பாவம்.

மாசம் முடிய மூன்று நாள். நான் பெட்டியில் என்னென்ன வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அப்போது மதரே சாய்தளத்துக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, மாதாவுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்தார்.

"ரெஜினா, நீ தள்ளு. சூசை, நீயும். உங்க எல்லாருக்கும் சேர்த்து நான் கும்பிடுறேன். அது உங்களுக்குச் சேரும், நான் பொறுப்பு. நிக்காமப் போங்க."

மேலிடமே பொறுப்பேற்ற பிறகு எங்கள் காலுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நாங்கள் தள்ளிக்கொண்டு கடக்கும்போதெல்லாம் மதர் எங்களுக்குப் பதிலாகச் சிலுவை போட்டார். இரண்டு நாள், காலையும் மாலையும். ஒரு முறைகூட அவர் எழுந்து போகவில்லை. அன்றுவரை அவரிடம் எனக்குப் பயம்தான் இருந்தது. அந்த இரண்டு நாளில் பாசம் வந்தது.

மூன்றாம் நாள் சோதனை. மதர், தலைமை டாக்டர், ஜாகிர் சார், சூசையண்ணன் எல்லாரும் உச்சியில் நின்றார்கள். நான் கீழிருந்து வண்டியைக் கொண்டுவந்தேன். இரண்டு கையும் கம்பியில். ஏறியது, மாதாவைக் கடந்தது, நிற்காமல் இடது பக்கம் திரும்பியது. ஜாகிர் சார் துள்ளிக் குதித்துவிட்டார். தலைமை டாக்டர் முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருந்தது. இனி அவர் வாசலிலும் நிற்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ஏன் நிக்காமப் போகுது?" என்று பின்னால் ஒரு குரல்.

பேச்சியம்மாள். கையில் தூக்குவாளி, கூட வார்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவர் புருஷன் எழுந்து உட்கார்ந்து சோறு தின்ன ஆரம்பித்ததிலிருந்து, கதை வேறு மாதிரி ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. மாதாவுக்கு முன்னால் தானாக நின்று கும்பிட்டுவிட்டு வந்த வண்டி எடுத்த படத்தால்தான் அவர் பிழைத்தார் என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"எம் புருசனுக்கு நின்னுச்சுல்ல? இந்தா, எங்கூட வந்திருக்கிற இந்தப் பிள்ளை அப்பாவுக்கு நாளைக்குப் படம் எடுக்கணுமாம். அவருக்கு மட்டும் நிக்காமப் போனா என்ன நாயம்? பழையபடி நிக்க வைங்க!"

"அம்மா, நின்னதுக்குத்தான நீங்க என் மேல பிராது சொன்னீங்க?" என்றேன் தாங்காமல்.

"சொன்னேன். யாரு இல்லைன்னா? அப்ப எனக்கு வெவரம் தெரியல."

போன வாரம் நின்றதற்காக என் வேலை போக இருந்தது. இந்த வாரம் நிற்காததற்காகப் போகும்போலிருந்தது. ஜாகிர் சார், "இன்னொரு தடவை பாடமா?" என்கிற முகத்தோடு சுவரில் சாய்ந்துவிட்டார். எல்லாரும் மதரைப் பார்த்தோம்.

மதர் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச்சியம்மா, உன் வீட்டுக்காரர் தவிச்சப்ப உனக்கு ஒரு நிமிசம் எவ்வளவு நீளமா இருந்துச்சு? அதே நிமிசம்தான் நாளைக்கு இந்தப் பிள்ளைக்கும். போகும்போது வண்டி நிக்காது. படம் எடுத்துட்டுத் திரும்பி வரும்போது ரெஜினா நிப்பா. எல்லாருக்காகவும் நிப்பா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நிப்பியா ரெஜினா?"

"நிப்பேன் மதர்."

"அப்ப வார்டு உன்னோடது. நெய்க்காரப்பட்டிக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

பேச்சியம்மாள் தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "மறக்காம நில்லு" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அந்த வண்டி ஏழெட்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு வந்த வண்டிகளுக்கும் நான் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். போகும்போது நிற்காமல் போவேன். திரும்பும்போது நிற்பேன். அப்போது கேசட்டுக்குள் படம் இருக்கும், அதில் என்ன இருக்கிறது என்று டார்க் ரூமில் கழுவினால்தான் தெரியும். எடுத்து முடித்த படம் இனி மாறாது என்பது அந்தத் தொழிலிலேயே ஆயுசைக் கழித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், நல்லதாக இருக்கட்டும் தாயே என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டேன்.